பேரில்லாத மீனுக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்

என்னோடு மணலில் ஆனா ஆவன்னா எழுதியவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. நாம் எல்லோரும் மீனுக்குள் பிறந்து மீனுக்குள் வளர்ந்தவர்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து இது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்லிவிடுவோம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று தெருவில் நின்றே சொல்வோம். நான் முப்பது வருஷம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். என் கை வழியாகப் போன மீனுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் உங்களில் யாராவது மீன் தூங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். விளக்கு வைத்த நேரத்தில் அது ஒரு மூலைக்குப் போய், லேசாகச் சாய்ந்து, வாயை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டு நிற்கும். கண் மூடாது. ஆனாலும் தூங்குகிறது என்று தெரியும். எங்கள் அத்தை, "ஏலே, மெதுவாப் பேசு, முழிச்சிக்கிரும்" என்பார்.

பெரும்புயல் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்திய தவசு காலம் அது; பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு. எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் வாத்தியார் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. பக்கத்தில் இருந்தவன் எனக்காகச் சொல்வான். அவன் உங்களில் ஒருவன்தான். இதைப் படித்தால் சிரிப்பான்.

எங்கள் அய்யா கூடு போடுகிறவர். உங்கள் வீடுகளில் வலை. எங்கள் வீட்டில் கூடு. உடைமரக் குச்சியைப் பின்னி, உள்ளே போனது வெளியே வர முடியாதபடி வாய் வைத்து, கல்லைக் கட்டிப் பாருக்கு மேலே இறக்கிவிட்டு வருவார். பார் என்றால் கடலுக்கடியில் பவளப்பாறை. மறுநாள் போய்த் தூக்கினால் உள்ளே கலவாயும் ஓராவும் துள்ளும். அவற்றோடு கலர் கலராகச் சின்ன மீன்களும் வரும். அவற்றை அய்யா கடலிலேயே வீசிவிடுவார். தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது. விலை போகாத மீனுக்கு எங்கள் பக்கம் யாரும் பேர் வைப்பதில்லை. கேட்டால், "அதெல்லாம் சும்மா மீனு" என்பார்கள்.

அந்தச் சும்மா மீனைத்தான் ஒருநாள் ஒருவர் தேடி வந்தார். மண்டபத்தில் மீனைப் பற்றிப் படிக்கிற ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறவர். வெள்ளைச் சட்டை, முழங்கால் வரை கால்சட்டை, தலையில் தொப்பி. நாங்கள் மீன் ஆபீசர் என்று சொல்வோம். கண்ணாடித் தொட்டியில் விடுவதற்குக் கலர் மீன் உயிரோடு வேண்டும், ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது என்று அய்யாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அய்யா வெகுநேரம் சிரித்தார். "முப்பது வருசமா சாகடிச்சுக் கொண்டாந்தா வாங்குறானுக. இவரு சாகாம கொண்டான்றாரு."

சொன்ன நாளில் பானையில் ஐந்து மீன் வைத்திருந்தார். ஆபீசர் வந்து குனிந்து பார்த்து நான்கை எடுத்துக்கொண்டார். ஐந்தாவது மீன் என் நடுவிரல் நீளம். மஞ்சள் முதுகு, வெள்ளி வயிறு, குறுக்கே ஐந்து கறுப்புக் கோடு. கூட்டுக்குள் நண்டு பிடித்துவிட்டதோ என்னவோ, வாலில் பாதி இல்லை. மிச்சப் பாதியும் கிழிந்த துணி மாதிரி தொங்கியது. நேராக நீந்த முடியாமல் ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இது வேணாம்ப்பா" என்றார் ஆபீசர். அய்யா அதைக் கையில் எடுத்து வேலிப் பக்கம் வீசப் போனார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். "தம்பி, அந்த வால் திரும்ப வளரும், தெரியுமா?"

அய்யாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சார், பல்லிக்கு வளரும். மீனுக்கு வளருமா? நான் கடல்லயே கெடக்குறவன், எங்கிட்டயா?"

"நீங்க மீனை அரை நாளைக்கு மேல உயிரோட பாத்திருக்கீங்களா?"

ஆபீசர் என்னிடம் திரும்பி, "நல்ல தெளிஞ்ச கடல் தண்ணியில விடு. வாரத்துக்கு ஒருதரம் பாதித் தண்ணிய மாத்து. தினம் ரெண்டு வேளை டீக்கடைல ஆத்துற மாதிரி தண்ணிய ஆத்தி ஊத்து. நடுவுல தண்ணி குறைஞ்சா ஊத்தி நிரப்பிக்கோ. பாஸ்கு முடிஞ்சு, வால் வளந்திருந்தா நீயே கொண்டு வந்து என் தொட்டியில விடலாம்" என்றார்.

"வளரலைன்னா?" என்றார் அய்யா.

"குழம்பு வைங்க."

"கொழம்புக்கும் ஆகாதே சார் இது."

இப்படித்தான் அந்த மீன் எங்கள் வீட்டில் தங்கியது. நானே அதைக் கண்ணாடித் தொட்டியில் விட வேண்டும். அந்த நாற்பது நாளும் எனக்கு வேறு நினைப்பு இல்லை.

கண்ணாடிப் பாத்திரத்துக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அம்மாவின் தம்பி, ரயில்வே மாமா, பாம்பனில் தந்திக் கம்பி பார்க்கிற வேலையில் இருந்தார். அங்கே பாட்டரிக்கு வைத்திருந்த பெரிய கண்ணாடி ஜாடி பழசாகிக் கழித்துப் போட்டதை அக்காவுக்குக் கொண்டுவந்து தந்திருந்தார். சதுரமான ஜாடி, கனத்த பச்சைக் கண்ணாடி, உள்ளுக்குள் காற்றுக் குமிழ் குமிழாக நிற்கும். அடியில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து புடைத்திருக்கும். அம்மா அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டிருந்தாள். அதைக் கேட்டால் கொலை விழும்.

அத்தைதான் கேட்டார். அய்யாவின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். கருவாடு போடுகிற வேலை அவருடையது. ஓயாமல் பேசுவார், எதையாவது கீழே போடுவார், வழியில் போகிற ஆட்டுக்குட்டியிடமும் நின்று ஊர்க்கதை சொல்வார். அதனால் எல்லோரும் அவரைக் கூறுகெட்டவள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். நானும்தான்.

"மைனி, ஊறுகாய்க்கு மண்சட்டி போதும். மீனுக்குப் போதாது. உள்ள கெடக்குறது நமக்குத் தெரியவேணாமா?"

"மீனு ஊட்டுக்குள்ள என்ன செய்யுதுன்னு ஒனக்கு எதுக்குடி தெரியணும்? ஒட்டுக்கேக்கப் போறியாக்கும்?"

"சும்மா ஒரு மாசத்துக்குத்தான் மைனி. பெறகு கழுவித் தாரேன்."

அம்மா திட்டிக்கொண்டே ஊறுகாயைச் சட்டிக்கு மாற்றினாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வைத்தும் எலுமிச்சை வாசம் முழுசாகப் போகவில்லை. "கொழம்பு வைக்கும்போது புளி வேணாம்" என்றார் அய்யா.

அடுப்படிக்கு வெளியே கிடுகுக் கூரையின் கீழ் ஜாடியை வைத்தோம். சனிக்கிழமைதோறும் அய்யா பார்ப் பக்கத்திலிருந்து தெளிந்த தண்ணீர் ஒரு குடம் கொண்டுவருவார். வால் வளரும் என்று நம்பவில்லை; ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நான் காலையும் மாலையும் டம்ளரில் மொண்டு உயரத் தூக்கி ஆற்றுவேன். தெருவில் போகிறவர்களுக்கு அது வேடிக்கை. "ஏலே, எனக்கு ஒரு டீ, சீனி கம்மியா!" என்று கத்துவார்கள். வேறொருவர், "உங்க மீனு கன்னு போட்ருச்சா? சீம்பால் இருந்தா குடுத்துவிடு" என்பார். நான் தலையைக் குனிந்து ஆற்றிக்கொண்டே இருப்பேன். அத்தைதான் உள்ளேயிருந்து, "ஒங்க ஊட்டு மீனு எல்லாம் சட்டிக்குள்ள முழிக்குது, எங்க ஊட்டு மீனு ஜாடிக்குள்ள முழிக்குது, போவியா" என்பார்.

பத்து நாளில் மீனுக்கு என் விரல் பழகிவிட்டது. இறாலை மிளகு அளவுக்குக் கிள்ளி நகத்தின் மேல் வைத்து உள்ளே விட்டால் வந்து வெடுக்கென்று பறிக்கும். இறால் தீர்ந்த பிறகு விரலையே கடிக்கும். எறும்பு கடித்தது மாதிரிகூட இருக்காது. அந்தக் கூச்சம் இன்றும் என் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

வாலில் ஏதாவது தெரிகிறதா என்று தினமும் பார்ப்பேன். ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அத்தை ஜாடிக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் குடிதண்ணீர் டம்ளர். மெதுவாக, சத்தம் வராமல், ஜாடிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நல்ல தண்ணீர்! மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற வரைக்கும் உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிச் சுமந்து வருகிற தண்ணீர். அதைக் கடல் மீனுக்கு ஊற்றுகிறார்.

நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் கத்தல் என்று அம்மா பிறகு சொன்னாள். "அத்தை என் மீனைக் கொல்லுது! அய்யா! அத்தை கொல்லுது!"

அய்யா கையில் இருந்த கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அத்தை பயந்து எழுந்து நின்றார்.

"எரியுமேண்ணே" என்றார். "கருவாடு போடுறப்ப எங்கையில ஒரு கீறல் இருந்தாலே உப்புத்தண்ணி பட்டு உசுரு போவுது. இதுக்கு வாலே பிஞ்சு கெடக்கு. உப்புக்குள்ளயே கெடந்தா எரியாதா? அதான் தெனம் எம்பங்குத் தண்ணில ஒரு டம்ளர்..."

"தெனமுமா?"

"வந்த நாள்லருந்து."

"கூறுகெட்ட கழுத! மழைக்கு வெள்ளம் வந்து கடல்ல கலந்தா மீனு செத்து ஒதுங்குறத நீ பாத்ததில்ல? இனி அந்த ஜாடிப் பக்கம் போன, பாத்துக்க."

அத்தை போகவில்லை. அன்றிலிருந்து என்னோடும் பேசவில்லை. ஆட்டுக்குட்டியோடு பேசினார்.

நான் காவல்காரன் மாதிரி ஜாடிப் பக்கத்திலேயே இருந்தேன். பங்குனி வெயில், ஓயாத காற்று. தினமும் தண்ணீர் கொஞ்சம் இறங்கும். அய்யாவின் குடத்திலிருந்து கடல் தண்ணீரை எடுத்து ஊற்றிச் சரியாக நிரப்பிவைப்பேன்.

ஒரு வாரம், பத்து நாள். மீன் விரலைக் கடிப்பதை நிறுத்தியது. பிறகு இறாலையும் தொடவில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியிலேயே கிடந்தது. குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலிலிருந்து வந்து பார்த்தபோது மஞ்சள் வெளுத்திருந்தது. மூச்சு வேகமாக வாங்கியது.

அய்யா பார்த்துவிட்டு, "போவட்டும்லே. ஒரு மாசம் தாக்குப்புடிச்சதே பெருசு" என்றார். அவர் இவ்வளவு மென்மையாகப் பேசியதே என்னைப் பயமுறுத்தியது.

நான் குருத்தோலையைக் கையில் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தேன். அத்தை கருவாட்டுக் கூடையோடு போனவர் நின்றார். பேசக்கூடாது என்று வைத்திருந்தாரே, அதனால் என்னிடம் பேசாமல் ஜாடியிடம் பேசினார். "என்ன இது விளிம்புல வெள்ளையா?"

ஜாடியின் விளிம்பைச் சுற்றிப் பொடியாக ஏதோ பூத்திருந்தது. அத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். முகம் மாறியது. தண்ணீரில் விரலை விட்டு அதையும் நக்கினார். பிறகு குடத்தில் இருந்த கடல் தண்ணீரை நக்கினார்.

"ஏலே, இங்கன வா. நீயும் நக்கு."

நக்கினேன். குடத்துத் தண்ணீர் கரித்தது. ஜாடித் தண்ணீர் நாக்கைச் சுட்டது.

"எங் கருவாடு ஊறுற சாலு வெயில்ல இப்படித்தாம்லே ஆகும். வெயிலு தண்ணிய மட்டும் குடிச்சிட்டு உப்ப விட்டுட்டுப் போயிரும். சாயங்காலம் ஒரு செம்பு நல்ல தண்ணி ஊத்தலைன்னா கருவாட்ட வாயில வைக்கமுடியாது. நீ உப்பு மேல உப்பால்ல ஊத்திக்கிட்டு இருக்க! ஒம்மீனு கடல்ல இல்லலே, உப்பளத்துல கெடக்கு!"

வாத்தியார் சொல்லித்தந்த எதுவும் எனக்கு அவ்வளவு பளிச்சென்று விளங்கியதில்லை. ஆனால் விளங்கியதோடு வேறொன்றும் விளங்கியது. அத்தையை நிறுத்திய நாளிலிருந்துதான் மீன் சாய ஆரம்பித்தது. நிறுத்தியது நான்.

"அத்தை, நீ ஊத்து" என்றேன்.

"நான் எதுக்கு ஊத்துறேன்? நான்தேன் கொலைகாரியாச்சே."

"அத்தை..."

"ஒங்கய்யா பாத்தா?"

"நான் பாத்துக்கிறேன்."

"நீயா? வாயத் தொறப்பியா நீ?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். டம்ளரை எடுத்துவந்தார். ஒரேயடியாக ஊற்றவில்லை. அரை டம்ளர் ஊற்றி, நக்கிப் பார்த்து, பொழுது சாய்ந்தபின் மறுபடி அரை டம்ளர். குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி, மூன்று நாள், நாக்கு "சரி" என்று சொல்லும் வரைக்கும். அந்தப் பெரிய வாரம் முழுக்க அத்தையும் நானும் எங்கள் பங்குக் குடிதண்ணீரில் பாதியைத் திருட்டுத்தனமாக ஜாடிக்கு ஊற்றினோம். பெரிய வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி வேறு. தாகமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமான தாகம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

பாஸ்கு ஞாயிறு காலையில் மீன் என் விரலைக் கடித்தது.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். வால் ஏற்கெனவே வளர்ந்திருந்தது! முதலில் வளர்வது கண்ணாடி மாதிரி இருக்கும், நிறமே இருக்காது. தண்ணீருக்குள் அது தண்ணீராகவே தெரிந்திருக்கிறது. வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் வெங்காயத் தோல் மாதிரி ஓரம் மின்னியது. பிறகு ஒவ்வொரு நாளும் அடியிலிருந்து நிறம் ஏறி வந்தது. அய்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். எழுந்தார். மறுபடி குனிந்தார். "அட, சேசுவே" என்றார். அன்று கடலுக்குப் போக அவருக்கு ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது.

மண்டபத்துக்குப் போகிற நாள் வந்தது. அத்தையும் வரவேண்டும் என்றேன். "பொம்பளைக்கு அங்கன என்ன வேலை?" என்றார் அய்யா. நான் மீன் இருந்த தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேசத் தெரியாதவனுக்கு உட்காரத் தெரியும். கடைசியில் அத்தை வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

பாம்பனில் ரயில் ஏறினோம். எதிரில் இருந்த அம்மாள், "வாளியில என்னம்மா, கொழம்பா?" என்றார். "இல்லக்கா, எங்க மருமக" என்றார் அத்தை. பெட்டியே எட்டிப் பார்த்தது. பாலத்தில் ரயில் ஆமை மாதிரி ஊர்ந்தது. கீழே இரண்டு பக்கமும் கடல். அத்தை வாளி மூடியைத் திறந்து, "இந்தா பாத்துக்க, ஒங்க ஆத்தா வீடு" என்று மீனுக்குக் காட்டினார். அய்யா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஆபீசர் மீனை வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பிரமாதம்! யாரு பாத்துக்கிட்டது?"

"எம்மகன்தான் சார்" என்றார் அய்யா. "தண்ணி நான் கொண்டாந்தது. அசல் கடல் தண்ணி. வேற ஒரு சொட்டு சேக்கல சார்."

"ஒரு சொட்டுகூடவா? இந்த வெயில்ல?" ஆபீசர் புருவத்தைத் தூக்கினார்.

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு வாசல் ஓரத்தில் நின்றார். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை என்றால் அந்த மீனைக் காப்பாற்றியது நானும் அய்யாவும்தான் என்று ஆகிவிடும்.

"எங்க அத்தை" என்றேன். "எங்க அத்தை நல்ல தண்ணி ஊத்துச்சு. நிப்பாட்டினோம், மீனு சாகப் போச்சு. மறுபடி ஊத்துச்சு. எங்க அத்தைதான் சார்."

அய்யா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். ஆபீசர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தப்பு என்னோடதுப்பா. குறைஞ்சா நிரப்புன்னு சொன்னேன், எந்தத் தண்ணின்னு சொல்லவே இல்லை. நல்ல தண்ணிதான் ஊத்தணும். அம்மா, உங்களுக்கு இது யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார்" என்றார் அத்தை. "எரியுமேன்னு ஊத்துனேன்."

என்னைத் தூக்கிப் பிடித்தார்கள். நான்தான் விட்டேன். எங்கள் வீட்டை விடப் பெரிதாகத் தெரிந்த கண்ணாடித் தொட்டி. மீன் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு புது வாலை ஒரு தட்டுத் தட்டி நேராக, அம்பு மாதிரி, பவளக் கல்லுக்குள் போனது. ஒரு சுற்று சுற்றி, அத்தை முகத்தை ஒட்டி வைத்திருந்த கண்ணாடிக்கு வந்தது. "ஏலே, என்னையத் தெரியுதுலே அதுக்கு!" என்று அத்தை அந்த ஆபீஸே கேட்கும்படி கத்தினார்.

அய்யா அத்தையிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நம் அய்யாக்கள் யார்தான் கேட்டார்கள்? மறுநாள் கூட்டைத் தூக்கியபோது அந்தக் கோடு போட்ட மீன் இரண்டு உள்ளே இருந்திருக்கிறது. அவற்றை வீசாமல், இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீருக்குள் விட்டிருக்கிறார். கூட வந்தவர், "என்ன மீனுண்ணே அது?" என்று கேட்டதற்கு, "அத்தை மீனு" என்றாராம். கரைக்கு வருவதற்குள் அந்தப் பேர் கரைக்கு வந்துவிட்டது.

ஜாடி திரும்பவும் ஊறுகாய்க்குப் போனது. அந்த வருஷ ஊறுகாயில் மீன் வாசம் அடிக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்; ஆனால் அதுதான் சீக்கிரம் தீர்ந்தது. பிறகு புயலில் ஜாடி போய்விட்டது. அத்தை எழுபது வயது தாண்டியும் ஆடுகளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனார்.

போன வாரம் கரையில் நின்றுகொண்டிருந்தேன். வலையிலிருந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்த பொடியன் ஒருவன் கோடு போட்ட குட்டி மீன் ஒன்றை எடுத்து, "அத்தை மீனு" என்று சொல்லித் தண்ணீரில் விட்டான். பக்கத்தில் இருந்த பையன், "எதுக்குலே அத்தை மீனு?" என்று கேட்டான். "தெரியாது, அப்படித்தேன் சொல்லுவாக" என்றான் அவன்.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பழைய கூச்சம் பிடித்துக்கொண்டது, வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பையன்கள் உங்கள் பேரன்களாகத்தான் இருப்பார்கள். நீங்கள் சொல்லிவிடுங்கள்.